அமைச்சர் கூப்பிட்டால் ஆப் திரும்பி வரும், சட்டம் கூப்பிட்டால்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கூகுள், மெட்டா, அமேசான் மாதிரியான கம்பெனிகளின் ஆதிக்கத்தைப் பற்றி உங்கள் நாளிதழில் தொடர்ந்து எழுதி வருகிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் கடைசிப் பத்தியில் "அரசு தலையிட வேண்டும்" என்று வந்து நின்றுவிடுகிறது. எனக்கு இடிக்கிற இடம் அதுதான். அரசு உண்மையிலேயே தலையிட்ட ஒரு சம்பவம் இருக்கிறது, அதுவும் சென்னைக் கம்பெனி ஒன்று சம்பந்தப்பட்டது. அதில் என்ன நடந்தது என்று கொஞ்சம் விவரமாகப் பார்த்தால், தலையிடு தலையிடு என்று நாம் கேட்பது எதை என்று யோசிக்கத் தோன்றும். கடிதம் நீளமாகத்தான் வரும். வெட்டித்தான் போடுவீர்கள் என்றால் கூகுளின் செயற்கை நுண்ணறிவான ஜெமினி பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து பத்து இந்தியக் கம்பெனிகளின் ஆப்களைத் தூக்கியது. பாரத் மேட்ரிமோனி, ஷாதி, நௌக்ரி, 99 ஏக்கர்ஸ், குக்கூ எஃப்எம் என்று எல்லாம் மக்கள் தினமும் புழங்குகிற பெயர்கள். பாரத் மேட்ரிமோனியை நடத்துகிற முருகவேல் ஜானகிராமனின் கம்பெனி சென்னையில் இருப்பது. தமிழ் மேட்ரிமோனியும் அவர்களுடையதுதான். இந்தியாவில் விற்கிற ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஆண்ட்ராய்டு. பிளே ஸ்டோரில் இல்லையென்றால் புது வாடிக்கையாளருக்கு நீங்கள் இல்லவே இல்லை என்று அர்த்தம்.

சண்டை எதற்கு? ஆப்புக்குள் டிஜிட்டல் சேவை விற்றால் கூகுளுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. வருடத்தின் முதல் 10 லட்சம் டாலர் வருமானம் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 30. வேறு வழியில் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று பின்னால் ஒரு சலுகை கொடுத்தார்கள், அதில் குறைத்தது வெறும் 4 சதவீதப் புள்ளி. அதாவது ஒரு வரன் தேடும் குடும்பம் யுபிஐயில் 1000 ரூபாய் கட்டினாலும், அந்தப் பணம் போகிற வழியில் கூகுளுக்கு எந்த வேலையும் இல்லாவிட்டாலும், 110 ரூபாயோ 260 ரூபாயோ எடுத்து வைக்க வேண்டும். யுபிஐயில் பணம் வாங்கும் கடைக்காரருக்கு 2020 ஜனவரியிலிருந்து கட்டணமே கிடையாது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து வாரச்சந்தையில் குத்தகை எடுத்தவர் கடைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குவார், அதிலேயே ஆயிரம் தகராறு வரும். விற்ற காசில் நூற்றுக்கு இருபத்தாறு கொடு என்று கேட்டால் சந்தையே கூடாது.

கூகுள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய டெவலப்பர்கள் பிளே ஸ்டோரில் இருக்கிறார்கள், அவர்களில் கட்டணம் கட்ட வேண்டியவர்கள் 3 சதவீதம்தான், மற்றவர்கள் கட்டும்போது இந்தப் பத்துப் பேர் மட்டும் ஏன் கட்டமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டார்கள். முழுக்கத் தள்ளிவிட முடியாத கேள்வி. ஆனால் அந்த 3 சதவீதம்தான் ஆப்பில் டிஜிட்டல் சேவை விற்றுப் பிழைக்கிறவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சரி, சட்டம் என்ன செய்தது? பெரிய கம்பெனிகள் சந்தையில் முறைகேடு செய்கின்றனவா என்று பார்க்கிற இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஒரே வாரத்துக்குள் கூகுளுக்கு இரண்டு அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டு விஷயத்தில் 1337.76 கோடி, பிளே ஸ்டோர் கட்டணக் கொள்கைக்காக 936.44 கோடி. கேட்கிறபோது மலைப்பாக இருக்கிறது அல்லவா, கணக்குப் போட்டுப் பாருங்கள். கூகுளின் தாய்க் கம்பெனி ஆல்பபெட்டுக்கு 2024இல் வந்த வருமானம் 350 பில்லியன் டாலர். மணிக்கு ஏறக்குறைய 4 கோடி டாலர். 936 கோடி ரூபாய் என்பது அவர்களுக்கு மூன்று மணி நேரத்து வருமானம், மதிய சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் சேர்ந்துவிடும். அதையும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்துவிட்டது.

முருகவேலின் கம்பெனி இதற்கெல்லாம் புதிதும் இல்லை. தேடல் முடிவுகளில் கூகுள் தன் சொந்தச் சரக்கை முன்னால் தள்ளுகிறது என்று 2012லேயே போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் புகாருக்கு 135.86 கோடி அபராதம் என்று உத்தரவு வந்தது 2018 பிப்ரவரியில். ஆறு வருடம். இணையத்தில் ஆறு வருடம் என்பது ஒரு தொழில் பிறந்து வளர்ந்து செத்துப்போகப் போதுமான காலம்.

கட்டண விவகாரத்தில் இந்தக் கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி மனுக்களைத் தள்ளினார், இது போட்டி ஆணையத்தின் வேலை, சிவில் வழக்காக இங்கே வர முடியாது என்பது சாரம். 2024 ஜனவரியில் மேல்முறையீடும் தள்ளுபடி ஆயிற்று. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்துவிட்டது. ஆகவே மார்ச் 1ஆம் தேதி கூகுள் அந்த ஆப்களைத் தூக்கியபோது அதைத் தடுக்கும் நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லை. பிடிக்கிறதோ இல்லையோ, அன்றைய தேதிக்கு அவர்களுக்குச் சட்டப்படி வழி இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை அன்றைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், இப்படித் தூக்குவதை அனுமதிக்க முடியாது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். நௌக்ரி மாதிரி சில ஆப்கள் விதிக்கு ஒத்துப்போய் அந்த வாரக் கடைசியிலேயே திரும்பிவிட்டன. மற்றவர்களுக்காகத் திங்கட்கிழமை கூகுளையும் கம்பெனிகளையும் அமைச்சர் அழைத்துப் பேசினார். செவ்வாய்க்கிழமை, மார்ச் 5, எல்லா ஆப்களையும் திரும்பப் போடுகிறோம், தற்காலிகமாக, ஒத்துழைப்பு மனப்பான்மையோடு என்று கூகுள் சொல்லிவிட்டது.

பத்திரிகைகள் எல்லாம் பணிந்தது கூகுள் என்று எழுதின. எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் வரிசையாக வைத்துப் பாருங்கள். போட்டி ஆணையத்தின் உத்தரவால் முடியாததும், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போய்க் கிடைக்காததும் ஒரு அமைச்சர் கூட்டிப் பேசிய மறுநாளே நடந்துவிட்டது. எந்தச் சட்டப் பிரிவின்கீழ் அவர் அப்படிச் சொன்னார்? எந்த எழுத்துப்பூர்வ உத்தரவும் வெளியில் வரவில்லை. கூகுள் ஏன் கேட்டது? தேர்தல் அறிவிப்பு வரச் சில நாட்களே இருந்த நேரம், எந்தக் கம்பெனியும் அப்போது மத்திய அரசோடு முட்டிக்கொள்ளாது, அவ்வளவுதான் என் யூகம்.

இப்போது ஜெமினி. ஆப்கள் காணாமல் போவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, பிப்ரவரி கடைசியில், கூகுளின் ஜெமினி செயற்கை நுண்ணறிவு பிரதமர் மோடியைப் பற்றிய ஒரு கேள்விக்குச் சொன்ன பதில் சமூக ஊடகத்தில் சுற்றியது. இது தகவல் தொழில்நுட்ப விதிகளை மீறியது என்று அதே துறையின் இணையமைச்சராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் பகிரங்கமாகக் கண்டித்தார். அரசியல் விஷயங்களில் ஜெமினி எப்போதும் நம்பகமாக இருக்காது என்று கூகுள் விளக்கம் சொன்னது. மார்ச் 1ஆம் தேதி, அதாவது ஆப்களைத் தூக்கிய அதே நாள், சரியாகச் சோதிக்கப்படாத செயற்கை நுண்ணறிவு மாடல்களை வெளியிட அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஒரு அறிவுரைக் கடிதம் அனுப்பியது. மார்ச் 5, ஆப்கள் திரும்பின. மார்ச் 12, இந்தியாவில் தேர்தல் தொடர்பான கேள்விகளுக்கு ஜெமினி பதில் சொல்வதைக் கட்டுப்படுத்துகிறோம் என்று கூகுள் அறிவித்தது. மார்ச் 15, அனுமதி வாங்க வேண்டும் என்ற வரியை எடுத்துவிட்டு அமைச்சகம் புது அறிவுரை வெளியிட்டது.

இதற்கும் அதற்கும் பேரம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. என்னிடம் ஆதாரம் இல்லை, தேர்தல் கேள்விக் கட்டுப்பாட்டை கூகுள் மற்ற நாடுகளிலும்தான் கொண்டுவந்தது. நான் சொல்வது வேறு. ஒரே கம்பெனி, ஒரே அமைச்சகம், மூன்று வாரம். ஒரு பக்கம் வரன் தேடும் ஆப்பைத் திரும்பப் போடு என்று பேச்சு, இன்னொரு பக்கம் பிரதமரைப் பற்றி உன் மென்பொருள் என்ன சொல்லலாம் என்று பேச்சு. இரண்டும் பேச்சாகவும் கடிதமாகவும் முடிந்துபோனதால் எது எதற்காக விட்டுக்கொடுக்கப்பட்டது, விட்டுக்கொடுக்கப்பட்டதா இல்லையா என்று நானும் நீங்களும் ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாது. சட்டம் என்று ஒன்று இருந்து, உத்தரவு என்று ஒன்று எழுதப்பட்டிருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

பெரிய கம்பெனியை அரசு கூப்பிட்டு மிரட்டினால் நமக்கு நல்லதுதானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆப்பைத் திரும்ப வரவைக்க முடிந்த அதே செல்வாக்கால் வேறு எதையும் காணாமல் போகவைக்கவும் முடியும். 2024 அக்டோபரில் உள்துறை அமைச்சகம் சஹ்யோக் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. மத்திய, மாநில அதிகாரிகள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79(3)(பி) பிரிவின்கீழ், இந்தப் பதிவை நீக்கு என்று அதன் வழியாகக் கம்பெனிகளுக்கு நேராக நோட்டீஸ் அனுப்பலாம். நீக்காவிட்டால் அந்தப் பதிவுக்குக் கம்பெனியே பொறுப்பாகும் ஆபத்து உண்டு. எக்ஸ் (பழைய ட்விட்டர்) கம்பெனி மட்டும் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, 2025 செப்டம்பர் 24ஆம் தேதி தள்ளுபடி ஆயிற்று. இலான் மஸ்க் மேல் எனக்கு எந்தப் பிரியமும் கிடையாது, அவர் போட்ட வழக்கு என்பதாலேயே வழக்கின் விஷயம் கெட்டுப்போகாது. மற்ற பெரிய கம்பெனிகள் அந்த அளவுக்குக்கூட எதிர்க்கவில்லை, வியாபாரத்துக்கு எதற்கு வம்பு என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். உங்கள் பதிவைக் காப்பாற்ற நீதிமன்றத்துக்குச் செலவழிக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

அதே சட்டத்தின் 69ஏ பிரிவு இன்னும் மோசம். அதன்கீழ் வருகிற முடக்க உத்தரவுகளை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ் வாசகர்களுக்கு இதற்கு உதாரணம் தேடவேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் முடக்கப்பட்டது நினைவிருக்கும். அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கு போட்டு விமானத்தில் திருப்பி அனுப்பியபோது பிரதமர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று ட்ரம்ப் பக்கத்தில் அவரை விலங்கோடு உட்காரவைத்து ஒரு கார்ட்டூன் போட்டார்கள். முடக்கம் முதலில் வந்தது, குழு கூடி விசாரித்தது அதற்குப் பிறகு. சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6ஆம் தேதி, அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தை விடுவியுங்கள் என்றது. ஒரு கார்ட்டூனுக்காக ஒரு பத்திரிகையின் தளத்தையே இணைய சேவைக் கம்பெனிகள் பூட்டிவிட்டன, ஒரு கம்பெனிகூட ஏன் என்று கேட்டதாகச் செய்தி இல்லை.

ஆக, கம்பெனிகள் அரசைவிடப் பெரியதாகிவிட்டன என்று நீங்கள் எழுதுவது பாதிதான் சரி என்பேன். விலை, கமிஷன், வரி, சந்தைப் பங்கு என்று காசு சம்பந்தப்பட்ட இடத்தில் கம்பெனி கை ஓங்குகிறது. யார் எதைப் பேசலாம் என்ற இடத்தில் அரசின் கை ஓங்குகிறது. இரண்டு இடத்திலும் கொடுக்கிறவர்கள் நாம்.

காசு விஷயத்தில் கை ஓங்குவதற்கு இரண்டே உதாரணம். இந்தியாவில் விளம்பரம் விற்றுவிட்டு இங்கே வரி கட்டாமல் போகிற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக 2016இல் 6 சதவீதம் சமன்படுத்தும் வரி வந்தது, அப்புறம் 2020இல் இணைய வணிகத்துக்கு 2 சதவீதம். இரண்டாவதை 2024 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள், முதலாவதையும் 2025 ஏப்ரல் 1 முதல் எடுத்துவிட்டார்கள். அதற்கு மறுநாள் ஏப்ரல் 2, ட்ரம்ப் உலகம் முழுவதுக்குமான வரிப் பட்டியலை வாசித்த நாள். வரியை விட்டுக்கொடுத்தும் பட்டியலில் இந்தியா பெயர் இருந்தது. கனடா கதை இன்னும் வெளிப்படையானது. 3 சதவீத டிஜிட்டல் சேவை வரியின் முதல் தவணை 2025 ஜூன் 30 அன்று வரவேண்டும், ட்ரம்ப் பேச்சுவார்த்தையை முறித்தார், ஜூன் 29 இரவே கனடா அந்த வரியை வாபஸ் வாங்கிவிட்டது. ஜனவரி 20 அன்று ட்ரம்ப் பதவியேற்றபோது பின்னால் நின்றவர்கள் யார் என்று படத்தில் எல்லோரும் பார்த்தோம்: சக்கர்பெர்க், பெசோஸ், மஸ்க், அப்புறம் நம் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை. அவர் படத்தைப் போட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ளும் நம் வழக்கம் எனக்குப் புரிகிறது, அவர் அங்கே நின்றது கூகுளுக்காக. 2025 அக்டோபரில் கூகுள் விசாகப்பட்டினத்தில் 15 பில்லியன் டாலர் போடுகிறது என்று வந்ததும், தமிழர் நடத்துகிற கம்பெனி தமிழ்நாட்டுக்கு வராமல் ஆந்திராவுக்கு எப்படிப் போகலாம் என்று இங்கே ஒரு கூச்சல். நிலம், மின்சாரம், சலுகை என்று யார் அதிகம் கொடுப்பார்கள் என்று மாநிலங்கள் ஒன்றோடொன்று ஏலம் போடும்போது எந்த மாநிலம் அந்தக் கம்பெனியிடம் கறாராகப் பேசும்?

இரண்டாவது உதாரணம் நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. யுபிஐ பரிவர்த்தனைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் போன்பே, கூகுள் பே என்ற இரண்டே ஆப்களில் போகிறது. ஒன்று வால்மார்ட்டுடையது, இன்னொன்று கூகுளுடையது. எந்த ஆப்பும் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று யுபிஐயை நடத்துகிற தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2020 நவம்பரில் சொன்னது. ஏற்கனவே தாண்டியவர்களுக்குக் கெடு 2022 கடைசி என்றார்கள், பிறகு 2024 கடைசி என்றார்கள், பிறகு 2026 கடைசி என்றார்கள். இவ்வளவு கூட்டத்தை இரண்டு ஆப்களிலிருந்து எப்படி வெளியே தள்ளுவது என்பது உண்மையிலேயே சிக்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020லேயே தெரிந்த சிக்கல் அது, ஒவ்வொரு முறையும் கெடுவை நீட்டியதால் இன்னும் பெரிதாகியிருக்கிறது. இங்கே எந்த அமைச்சரும் யாரையும் திங்கட்கிழமை கூப்பிட்டுப் பேசவில்லை.

எழுத்தில் உள்ள சட்டத்துக்கு ஒரு வழி இருந்தது. ஒரு கம்பெனி சந்தையைக் கெடுத்த பிறகு ஆறு வருடம் விசாரிப்பதைவிட, இன்ன அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனி இன்னின்னதைச் செய்யவே கூடாது என்று முன்கூட்டியே விதி வைக்கலாம் என்று நாடாளுமன்ற நிதிக் குழு 2022 டிசம்பரில் சொன்னது. அதன்படி டிஜிட்டல் போட்டி மசோதா என்று ஒரு வரைவு 2024 மார்ச்சில் வந்தது. ஆமாம், அதே மார்ச். தன் ஆப்புக்கும் அடுத்தவன் ஆப்புக்கும் வேறு வேறு நியாயம் வைக்காதே, பணம் வாங்கும் வழியைத் திணிக்காதே என்பதெல்லாம் அதில் இருந்தன. அது இன்னும் சட்டமாகவில்லை. அமெரிக்கக் கம்பெனிகளுக்குப் பிடிக்கவில்லை, இங்கேயுள்ள சில பெரிய கம்பெனிகளுக்கும் நாளை நம் கழுத்துக்கு வருமே என்று பயம். ஆனால் அரசுக்கே அதில் அவசரம் இல்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் வேறு. சட்டம் வந்துவிட்டால் கம்பெனி சட்டத்துக்குத்தான் பதில் சொல்லும், அமைச்சரைப் பார்த்துத் தயவு கேட்க வேண்டியதில்லை. தயவு கேட்கிற கம்பெனிதானே நாளைக்கு ஒரு பதிவை நீக்கு என்றால் மறுபேச்சில்லாமல் நீக்கும்.

கடைசியாக உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். இந்த விவகாரத்தில் பத்திரிகைகள் வேடிக்கை பார்ப்பவர்கள் கிடையாது, அவர்களும் ஒரு தரப்பு. எங்கள் செய்தியைக் காட்டி கூகுள் விளம்பரக் காசு பார்க்கிறது, எங்களுக்கு எவ்வளவு பங்கு என்பதையே சொல்வதில்லை என்று டிஜிட்டல் செய்திப் பதிப்பாளர் சங்கம் கொடுத்த புகாரின்மேல் போட்டி ஆணையம் 2022 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த விசாரணை என்ன ஆயிற்று என்று எந்தத் தமிழ் நாளிதழும் தொடர்ந்து எழுதி நான் பார்த்ததில்லை. வாசகன் கூகுள் வழியாக வருகிறான், விளம்பரத்தில் ஒரு பகுதி அரசிடமிருந்து வருகிறது. இரண்டு பேரையும் பகைத்துக்கொள்வது சுலபமில்லை என்று தெரியும். அதனால் வீரத்தலையங்கம் எழுதுங்கள் என்று கேட்கவில்லை, மூன்று சின்ன விஷயம்தான் கேட்கிறேன். அடுத்த முறை ஒரு அமைச்சர் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசினார், கம்பெனி பணிந்தது என்று செய்தி வந்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் பேசினார், எழுத்தில் உத்தரவு உண்டா என்று நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள், இல்லை என்றால் இல்லை என்றே அச்சிடுங்கள். டிஜிட்டல் போட்டி மசோதாவைப் பற்றித் தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களின் நிலைப்பாடு என்ன என்று கேட்டு ஒரு பக்கத்தில் போடுங்கள். உங்கள் சொந்தத் தளத்தில் எந்தச் செய்தியையாவது நீக்கச் சொல்லி அரசிடமிருந்தோ கூகுள், மெட்டாவிடமிருந்தோ நோட்டீஸ் வந்தால், சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு, வந்தது என்ற தகவலையாவது வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
ஈரோடு.